மூன்றாம் ஓலை

ஐசக் சார் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நிச்சயதார்த்தம் முடிந்து, மட்டன் பிரியாணி சாப்பிட்டு, பந்தல் ஓரமாக வைத்திருந்த டிரம்மில் கை கழுவிவிட்டு வந்தவர், மாப்பிள்ளை வீட்டார் யாரும் கேட்காமலே, "பொண்ணுக்கு ஒரு வண்டி போட்டு அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மாப்பிள்ளையின் அம்மா ஹெப்சிபா அம்மையார் அப்போது வெற்றிலைத் தட்டைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "உங்க இஷ்டம் அண்ணன், நாங்க எதுவும் கேக்கல" என்றார்.

அவர் வாய் அப்படித் திறந்ததற்குக் காரணம் நாவலூர் நிலம். எண்பத்து நாலில், கூட வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் பேச்சைக் கேட்டு அங்கே இரண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டார். அப்போது அது மணலும் சவுக்குமாகக் கிடந்தது. "நரிக்குக் கணக்குப் பாடம் நடத்தப் போறீங்களா சார்?" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். இருபது வருஷத்தில் சவுக்குத் தோப்பு கண்ணாடிக் கட்டிடங்களாக மாறியது. அந்த ஐப்பசியில் நிலத்தை விற்றதும், முப்பத்து நாலு வருஷம் அல்ஜீப்ரா நடத்தியதில் கிடைக்காத மரியாதை ஒரே வாரத்தில் கிடைத்தது. பேங்க் மேனேஜர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். கிழக்குத் தாம்பரத்தில் பழைய ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்த ரிட்டயர்டு வாத்தியாருக்கு அது கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாருக்கும் ஏறும்.

வண்டி என்று அவர் சொன்னபோது அவர் மனதில் இருந்தது ஒரு சின்ன கார். நாலு பேர் முட்டிக்கொண்டு உட்காருகிற, தெருவில் எல்லார் வீட்டிலும் நிற்கிற மாதிரி ஒன்று.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கல்யாணம் ஜனவரி முதல் வாரம் என்பதால் நவம்பரிலேயே ஓலை வாசித்துவிடலாம் என்று முடிவாயிற்று. கிறிஸ்தவக் கல்யாணத்தில் இது ஒரு ஏற்பாடு. மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் சபையிலும் பையனின் சபையிலும் ஒரே நேரத்தில் இருவர் பேரையும் ஆராதனை நடுவில் வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்பார்கள். யாரும் சொன்னதில்லை. மூன்று ஓலையும் வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை ஐசக் சார் இடப்பக்கம் இரண்டாவது பெஞ்சில், முப்பது வருஷமாக உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "குரோம்பேட்டை சபையைச் சேர்ந்த டெனிஸுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த ஐசக் ஞானஜோதி இவர்களின் மகள் பிளஸ்ஸிக்கும்" என்று பாஸ்டர் வாசித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு இருபத்தேழு வயது. காட்டாங்குளத்தூர் காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிறாள். பார்த்த வரன்கள் எல்லாம் தட்டிப்போய், கடைசியில் அவளே பார்த்துப் பேசி, "இவன் பரவாயில்லப்பா, நல்லா சிரிக்கிறான்" என்று சொன்ன பையன் டெனிஸ்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் போன் வந்தது.

"தோத்திரம் அண்ணன். ஓலை நல்லபடியா வாசிச்சாங்களா? இங்கயும் வாசிச்சாச்சு."

"தோத்திரம்மா. வாசிச்சாச்சு."

"அண்ணன், நாங்க எதுவும் கேக்கல. கேக்கற குடும்பமும் இல்ல, உங்களுக்குத் தெரியும். நீங்களா வண்டின்னு சொன்னீங்க, கர்த்தர் உங்க வாயில அந்த வார்த்தைய வெச்சாரு. டெனிஸ்தான் சொல்றான், அவன் ஆபீஸ்ல இப்ப எல்லாப் பசங்களும் உயரமான வண்டிதான் வெச்சிருக்காங்களாம், ஜீப் மாதிரி. சின்ன காருன்னா ஓ.எம்.ஆர்.ல தண்ணி நின்னா உள்ள வந்துடுதாம். நீங்க எப்படி ஏவப்படறீங்களோ அப்படிச் செய்ங்க அண்ணன்."

ஏவப்படுவது என்றால் சபைக்காரர்களுக்குத் தெரியும். ஆண்டவர் உள்ளே இருந்து சொல்வார், அதன்படி நடக்க வேண்டும். ஐசக் சாரை அன்று ஏவியது ஆண்டவரா ஹெப்சிபா அம்மையாரா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி ஞானஜோதி. ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். ஊசி போடும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வாளோ அப்படித்தான் எப்போதும் வைத்திருப்பாள்.

"உயரமான வண்டியா இருந்தா நல்லதுங்கறாங்க."

"யாருக்கு?"

ஐசக் சார் ரசத்தைப் பிசைந்தார்.

மறுநாள் கிண்டிப் பக்கம் ஒரு ஷோரூமில் போய்ப் புத்தகம் வாங்கிவந்தார். வழவழவென்று கனமான தாள். மூன்று அளவில் மூன்று வண்டி. முதலாவது ஐந்து சீட்டு, அடக்கமானது. இரண்டாவது நடுவாந்திரம், ஐந்து சீட்டுதான், ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பது. மூன்றாவது ஏழு சீட்டு. அதன் படத்தைப் போட இரண்டு பக்கம் தேவைப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆனபோது நினைவாகக் கொண்டுவந்திருந்த மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கேட்டை அளந்தார். தூணுக்குத் தூண் ஆறே முக்கால் அடி. புத்தகத்தில் மில்லிமீட்டரில் இருந்ததை அடியாக்கி, ஓரத்தில் பென்சிலால் எழுதினார். முதல் வண்டி தாராளமாக நுழையும். இரண்டாவது, பக்கக் கண்ணாடியை மடக்கினால் நுழையும். மூன்றாவதற்குப் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம்கூட மிஞ்சவில்லை. அதுவும் அந்தத் தெருவில் திரும்பி நுழைவது நடக்காத காரியம். கணக்கு வாத்தியார் மூன்றாவதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'இயலாது' என்று எழுதிவைத்தார்.

பிளஸ்ஸி அதைப் பார்த்துச் சிரித்தாள். "ரிசல்ட் வந்துடுச்சாப்பா? முதல் வண்டி பாஸா?"

"பாஸ்."

"கார் போதும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"ஆசையா கேக்கறாங்கம்மா. ஒரே பையன்." அப்போது அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெனிஸோடு போனில் பேசப் போய்விட்டாள்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போன். ஹெப்சிபா அம்மையாருக்கு ஓலை வாசித்தால்தான் விருப்பங்கள் ஞாபகம் வரும் போலிருக்கிறது. மஸ்கட்டிலிருந்து டெனிஸின் அக்கா குடும்பம் வரும்போது நாலு பேர். இவர்கள் மூன்று பேர். "ஏழு பேரும் சேர்ந்து கோயிலுக்குப் போனா எவ்வளவு நல்லா இருக்கும் அண்ணன், யாரை வீட்ல விட்டுட்டுப் போறது? நாங்க கேக்கல. ஜெபத்துல வைங்க." கணக்கு வாத்தியார் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். நாலும் மூன்றும் ஏழு. பிளஸ்ஸியைச் சேர்த்தால் எட்டு. அந்த எட்டாவது ஆள் எங்கே உட்காருவாள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறார்கள் என்று ஞானஜோதி வாய்விட்டே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் ஷோரூமில் கூடினார்கள். காலையிலிருந்து விடாத மழை. பிளஸ்ஸி அரைநாள் லீவு போட்டுவிட்டு எலக்ட்ரிக் டிரெயினில் வந்தாள். புடவைக் கரையெல்லாம் சேறு. டெனிஸ் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு வந்தான். விற்பனைப் பையன் ஜீவானந்தம் டை கட்டியிருந்தான், பேச்சில் தேன் தடவியிருந்தான்.

"சார், இது பேசிக் மாடல், இதுக்கும் கியாரண்டி இருக்கு, ஆனா உங்களுக்கு இது வேணாம்னுதான் நான் சொல்லுவேன். நடுவுல இருக்கறது டாக்டர்ஸ் நிறையப் பேர் எடுக்கறாங்க. கடைசியா நிக்குதே, அது வேற லெவல் சார். அஞ்சு சீட்டுன்னா குடும்பம். ஏழு சீட்டுன்னா வம்சம்."

முதல் இரண்டின் விலையை வாயால் சொன்னான். மூன்றாவதன் விலையைக் கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டினான். ஐசக் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாவலூர் நிலத்தில் முக்கால்வாசி அந்தச் சின்னத் திரையில் நின்றது.

"உள்ள உக்காந்து பாருங்க சார், உக்காந்தா விலை மறந்துடும்."

ஏறுவதற்கே படி இருந்தது. தோல் சீட். கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் நின்றுபோனது. மழை கண்ணாடிக்கு வெளியே பெய்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஐசக் சாருக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. ஷோரூம் டிரைவர் ஒருவன் அவரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏற்றி, தாம்பரம் தாண்டி முடிச்சூர் ரோடு வரைக்கும் கொண்டுபோனான். அங்கே முழங்கால் தண்ணீர். ஆட்டோக்கள் ஓரமாகச் செத்துக்கிடந்தன. வண்டி நேராக இறங்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போயிற்று. போன வருஷம் இதே இடத்தில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, செருப்பு ஒன்றைத் தண்ணீரில் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் அவர். "இன்னொரு தரம் போலாமா தம்பி?" என்று கேட்டார். டிரைவர் சிரித்துக்கொண்டு திருப்பினான். ஓரமாக ஸ்கூட்டரில் வந்த ஒருவரும் அவர் பின்னால் இருந்த பெண்ணும் தலையோடு நனைந்தார்கள். அந்த ஆள் ஏதோ கத்தினார். வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். ஐசக் சார் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வந்து, இறங்க மனமில்லாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பிளஸ்ஸி டெனிஸிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது.

"உனக்கு எது வேணும் டெனிஸ்?"

"எதுன்னாலும் எனக்கு ஓகே. அங்கிள் இஷ்டம்."

"எதுவுமே வேணாம்னாலும் ஓகேவா?"

அவன் ஜீவானந்தத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என்ன பிளஸ்ஸி, ஷோரூம்ல வந்து..."

"கேட்டதுக்குச் சொல்லு."

"அம்மா ஆசைப்படறாங்க. நான் என்ன பண்றது? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

"நானா அட்ஜஸ்ட் பண்றேன்? எங்கப்பாவோட நிலம் பண்ணுது. நீ ஒரு வார்த்தை உங்கம்மாகிட்ட வேணாம்னு சொல்லு. ஒரே ஒரு தடவை. நான் சின்ன வண்டியில சந்தோஷமா வரேன்."

டெனிஸ் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்பப் போய் சொன்னா அழுவாங்க பிளஸ்ஸி. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் நான் பேசிக்கறேன்."

இவ்வளவும் ஐசக் சார் காதில் தெளிவாக விழுந்தது. விழாத மாதிரி சீட்டுத் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். ஜீவானந்தம் வந்து, வெள்ளை நிறம் ரெடியாக இருக்கிறது, சனிக்கிழமை டெலிவரி கொடுத்துவிடலாம் என்றதும், "சரி" என்று சொன்னது அவர்தான். அந்த நேரத்தில் மகளுக்காகச் சொன்னாரா, ஹெப்சிபாவுக்காகச் சொன்னாரா என்று பிற்பாடு அவரே யோசித்துப் பார்த்தார். இருவருக்காகவும் இல்லை என்பதுதான் நிஜம்.

வெள்ளிக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. சுவரை இடிக்க முனிரத்தினம் கடப்பாரையோடு வந்தான். அந்தச் சுவரைக் கட்டியவனும் அவனேதான்.

"இன்னா சார், நல்லா கீற செவுத்தப் போயி இடிக்கச் சொல்றியே. பதினஞ்சு வருசம் ஆவுது, ஒரு கீறலு கீதா பாரு."

"வண்டி வருது முனிரத்தினம். பெரிய வண்டி."

"வண்டி வந்தா கேட்டத் தொறப்பாங்க. செவுத்தயா தொறப்பாங்க?"

"கல்யாணம் வரைக்கும் வண்டி உள்ள நிக்கணும்பா. தெருவுல நின்னா பசங்க கீறிடுவாங்க. அப்புறம் திருப்பிக் கட்டிக்கலாம்."

"அப்போ மாப்ள வூட்டுக்குப் போற வண்டிக்கா ஒன் வூட்ட இடிக்கிற?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும், "நமக்கின்னாத்துக்கு பேஜாரு" என்று முனகியபடி வேட்டியை மடித்துக் கட்டினான். வலப்பக்கத் தூணும் அதை ஒட்டி நாலடிச் சுவரும் பத்து மணிக்குள் கீழே வந்துவிட்டன. 'ஐசக், எம்.எஸ்ஸி., பி.எட்.' என்ற பெயர்ப்பலகையை மட்டும் ஞானஜோதி கழற்றி எடுத்துப் போய் ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

சாயங்காலம் பிளஸ்ஸி வந்தபோது வாசலில் செங்கல் குவியல். அதைத் தாண்டி உள்ளே வந்து பையை வைத்தாள். சமையற்கட்டில் ஞானஜோதி சங்கரா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஐசக் சார் பக்கத்தில் நின்று ஒரு துண்டை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, நாளைக்கு அந்த வண்டி வர வேணாம். போன் பண்ணிச் சொல்லிடுங்க. மூணாவது ஓலைக்குள்ள இதை நிறுத்துங்க."

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சும்மா. ரெண்டு ஓலை வாசிச்சப்புறம் எந்த வீட்லயாவது நிறுத்தினதைப் பார்த்திருக்கியா? முப்பது வருஷமா அந்தக் கோயில்ல இருக்கேன், நான் பார்த்ததில்ல."

"கல்யாணத்த நிறுத்தச் சொல்லலப்பா. வண்டிய நிறுத்தச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எண்ணெய் சடசடத்தது. ஞானஜோதி அடுப்பை அணைத்தாள்.

"ஒண்ணுன்னு உங்களுக்கே தெரியுதா?" என்றாள் பிளஸ்ஸி. குரல் உயரவில்லை. "நாளைக்கு அந்த வீட்ல எனக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்டப்பா வந்து சொல்றது?"

"இது என்ன கேள்வி? என்கிட்டத்தான்."

"இப்ப உங்ககிட்டத்தான சொல்லிட்டு இருக்கேன்."

பதில் இல்லாத வாத்தியார் செய்வதைச் செய்தார், கோபப்பட்டார். இருபத்தேழு வயதில் இதுவும் தட்டிப்போனால் ஊர் என்ன சொல்லும், தங்கமான பையன், படித்த திமிர் உனக்கு என்று என்னென்னவோ சொன்னார். பிளஸ்ஸி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

"மீன் ஆறுது" என்றாள் ஞானஜோதி, யாருக்கும் இல்லாமல். அப்புறம் அவரைப் பார்த்து, "என்னங்க, அவ பொறந்தப்ப நீங்க சைக்கிள்ல வந்தீங்க ஆஸ்பத்திரிக்கு. அவ எதுவும் சொல்லல" என்றாள். அவர் சட்டென்று சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டி வந்தது. மழைக்கு நடுவில், முன்பக்கம் சிவப்பு ரிப்பனோடு, இடிந்த சுவர் வழியாக உள்ளே நுழைந்து நின்றது. போர்ட்டிகோ போதாமல் பின்புறம் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெருவே குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தது. எதிர்வீட்டு ராஜகோபாலன், "சார், இதுக்கு வாடகையே வாங்கலாம், அவ்வளவு இடம் இருக்கு உள்ள" என்றார். ஐசக் சார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டத் தெரியாதவர், கதவைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி விளக்கைச் சிமிட்டியது.

பிளஸ்ஸி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். "நாளைக்கு கோயிலுக்கு எதுல வரீங்க?"

"இதுலதான். ஆக்டிங் டிரைவர் சொல்லியிருக்கேன், கங்காதரன்னு, நல்ல பையன். ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டர் வண்டிக்கு ஜெபம் பண்றேன்னிருக்காரு. மூணாவது ஓலை, வண்டி ஜெபம், எல்லாம் ஒரே நாள்ல."

"அப்பா, ஒண்ணு கேக்கவா? வண்டியத் திருப்பிக் கொடுக்கச் சொல்லல. நாளைக்கு ஒருநாள் ஸ்கூட்டர்ல வாங்க."

"ஏம்மா?"

"எனக்காக."

அவர் சிரித்தார். "மழையில உங்கம்மா நனையணுமா? இவ்வளவு பெரிய வண்டிய வாசல்ல நிறுத்திட்டு ஸ்கூட்டர்ல வந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

அவள் மறுபடியும் கேட்கவில்லை. உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எப்போதும்போல் ஏழு மணிக்கே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். சண்டே ஸ்கூல் நடத்துகிறவள். எட்டரைக்கு ஐசக் சார் வெள்ளைச் சட்டை போட்டு முன் சீட்டில் ஏறினார். ஞானஜோதி பின்னால், ஏழு பேர் இடத்தில் ஒரு ஓரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கங்காதரன் ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுக் கோயில் வளாகத்துக்குள் மெல்லத் திருப்பினான்.

பார்க்க வேண்டிய காட்சிதான். சபைச் செயலர் எட்மண்ட் படியிலிருந்து இறங்கி ஓடிவந்து, "ஐசக், கலக்கிட்ட போ" என்று முதுகில் தட்டினார். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். பாஸ்டர் அறை வாசலில் பாஸ்டர் அங்கியோடு நின்றிருந்தார். ஐசக் சார் கையை உயர்த்தினார். பாஸ்டர் பதிலுக்குக் கையை உயர்த்தவில்லை, வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பக்கத்துக் கொட்டகை வராந்தாவில் பிளஸ்ஸி நாலைந்து குழந்தைகளோடு நின்றிருந்தாள். அப்பா இறங்குவதை முழுவதுமாகப் பார்த்தாள். பிறகு குழந்தைகளை வரிசையாக்கிக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனாள்.

ஆராதனை நடந்தது. வேத பாடம் முடிந்து, அறிவிப்புகள் முடிந்து, ஓலை நேரம் வந்தது. ஐசக் சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பாஸ்டர் பதிவேட்டைத் திறந்து சேலையூர்ப் பையன் ஒருவனின் முதல் ஓலையை வாசித்தார். அடுத்து, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் இரண்டாவது ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். யாரும் சொல்லவில்லை. பதிவேட்டை மூடினார்.

"காணிக்கைப் பாடல் நூற்று எண்பத்து ரெண்டு."

பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், விட்டுவிட்டார், இப்போது ஞாபகம் வந்து திறப்பார் என்று ஐசக் சார் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. சபை எழுந்து நின்றது. முன் பெஞ்சிலிருந்து எட்மண்ட் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரோ யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. பெண்கள் பக்கம் பார்த்தார். ஞானஜோதி பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியாது என்பது முகத்திலிருந்து தெரிந்தது. எல்லாரும் நிற்க அவர் மட்டும் உட்கார்ந்துகொண்டார். காணிக்கைப் பை அவர் முன்னால் வந்து, நின்று, தாண்டிப் போயிற்று.

முடிந்ததும் ஜனங்கள் அவரைத் தொடாமல் இரண்டு பக்கமும் விலகி வெளியே போனார்கள். வெளியே தூறல். காலையில் தொட்டுப் பார்த்தவர்கள் இப்போது வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாஸ்டர் அங்கியைக் கழற்றாமலே அவரிடம் வந்து, நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்.

"காலையில ஏழரை மணிக்குக் கொடுத்தா, சார். ஓலைக்குக் கையெழுத்துப் போட்டவ அவ. அவ சொன்னதுதான் எனக்கு. நீங்க எப்படி வரீங்கன்னு நானும் வாசல்லயே நின்னேன். மன்னிச்சுக்கோங்க."

கணக்கு நோட்டில் கிழித்த தாள். மகளின் கையெழுத்து. ஐசக் சார் கண்ணாடியில் விழுந்த தூறலைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

'ஐயா, இன்று என் மூன்றாவது ஓலையை வாசிக்கும் முன் ஒரு வேண்டுகோள். அப்பாவை ஸ்கூட்டரில் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் ஸ்கூட்டரில் வந்தால் தயவுசெய்து வாசியுங்கள். நாளைக்கு அந்த வீட்டில் எனக்கு ஒரு கஷ்டம் வந்தாலும் என் பேச்சைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தைரியமாகப் போவேன். வண்டியில் வந்தால் வாசிக்க வேண்டாம். கேட்க ஆளில்லாமல் போக எனக்குப் பயமாக இருக்கிறது.'

இரண்டாம் முறை படிக்கும்போது எழுத்து தெரியவில்லை. ஒரு சின்ன விஷயம். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, ஞானஜோதியைக் குடையோடு பின்னால் உட்காரவைத்து, பத்து நிமிஷம் நனைந்துகொண்டு வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். எனக்காக என்று சொல்லிக்கூடக் கேட்டாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்காமல் விட்டார். நின்று மறுபடியும் அடித்தது. கொட்டகைப் பக்கமிருந்து பிளஸ்ஸி குடையோடு வந்து நாலடி தள்ளி நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஞானஜோதி அவள் தோளில் கை வைத்தாள். ஐசக் சார் போனைக் காதில் வைத்தார். அந்தக் காலத்துப் போன், எதிரில் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

"தோத்திரம் அண்ணன்! இங்க மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு, கர்த்தருக்கு தோத்திரம். அங்க முடிஞ்சுதா? வண்டிக்கு ஜெபம் பண்ணியாச்சா?"

"இங்க வாசிக்கலம்மா."

"என்ன அண்ணன்? பாஸ்டர் மறந்துட்டாரா?"

"மறக்கல."

பிறகு வந்த குரலில் தேன் இல்லை. "பிளஸ்ஸி ஏதாவது பண்ணாளா? எனக்கு அன்னிக்கே தெரியும், ஷோரூம்ல டெனிஸ்கிட்ட எதிர்த்து எதிர்த்துப் பேசினாளாமே. ஓலை நிறுத்தின பொண்ணுன்னு பேர் வந்தா நாளைக்கு எவன் கட்டுவான், யோசிச்சாளா அவ?"

பிளஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். ஐசக் சார் மகளைப் பார்த்தார். கையிலிருந்த தாளைச் சின்னதாக மடித்துச் சட்டைப் பையின் அடியில் வைத்தார்.

"பிளஸ்ஸிக்கு இதுல ஒண்ணும் தெரியாதும்மா" என்றார், வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "நான்தான் வாசிக்க வேணாம்னு சொன்னேன்."

முப்பது வருஷமாக வந்துபோகிற கோயிலின் வாசலில் நின்று, பாஸ்டர் காதுபட, தெரிந்தே அவர் சொன்ன முதல் பொய் அது. பிளஸ்ஸி அருகில் வந்து, குடையை அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.